தோட்டத்தின் ஒரே கயிறு

அணில் மரத்திலிருந்து விழுந்து இருநூற்றுப் பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. ஒன்பது நாள் என்று சொன்னால் போதும்தான். ஆனால் அந்தக் காப்பித் தோட்டத்தில் எல்லாமே மணிக்கணக்கு. விழுந்த அன்றைக்கு அவனுக்கு அரை நாள் கூலி போட்டிருந்தார்கள். மூன்று மணியைத் தாண்டியிருந்தால் முக்கால் நாளாகியிருக்கும். அவன் விழுந்தது இரண்டு நாற்பதுக்கு. கூலி கொடுக்கிற கிளார்க் அதை அவன் மனைவியிடம் வருத்தத்தோடுதான் சொன்னான். "இருபது நிமிஷத்துல போச்சும்மா," என்றான், பஸ்ஸைத் தவறவிட்டவளிடம் சொல்வதுபோல.

அவள் காசை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள். மூடிய டின் மேலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் திட்டுவார்கள். அவர்களுடையது கடைசி வீடு, இரண்டு அறை. முன்னறையில் அணில் கிடந்தான். கட்டிலில் இல்லை, கதவில். இடுப்பெலும்பும் முதுகின் அடியில் இரண்டு எலும்பும் உடைந்திருந்தன. ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில், இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, சமமான பலகையில் மூன்று மாதம் அசையாமல் கிடக்கட்டும், எழுந்து நடக்கிறானா என்று அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் பலகை ஏது? நாத்தனார்தான் இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த கதவைக் கீலோடு கழற்றினாள். செங்கல் அடுக்கி அதன்மேல் கதவைப் போட்டு, போர்வையை நாலாக மடித்து விரித்தாள். தாழ்ப்பாள் கால்மாட்டில் வந்தது.

"இனிமே யாரா இருந்தாலும் என்னைத் தட்டிட்டுத்தான் உள்ள வரணும்," என்றான் அணில்.

அவன் அப்படித்தான். வலி உயிர் போகும்போதும் வாய் சும்மா இருக்காது. ஆறடி உயரம், கைப்பிடி இடுப்பு. காப்பிச் செடிக்கு மேலே நிழலுக்காக நிற்கிற பெரிய மரங்களில் ஏறிக் கிளை கழிப்பது அவன் வேலை. நிழல் கூடிப்போனால் காப்பி பூக்காது, குறைந்துபோனால் இலை கருகும். கீழே நின்று பார்க்கிறவர்களுக்கு வால் ஒன்றுதான் குறை என்று தோன்றும். அதனால் அணில். முன்பு தோட்டத்தில் மூன்று மரமேறிகள் இருந்தார்கள். இரண்டு பேர் டவுனுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள், அங்கே கூலி இரண்டு மடங்கு. அணில் போகவில்லை. சிமெண்டில் கிளை கிடையாது என்றான்.

மேஸ்திரி பார்க்க வந்தபோது முதலில் ஆளைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தார். தோட்டத்துக் கதவாச்சே என்றார். அப்புறம்தான் எப்படி இருக்கே என்று கேட்டார்.

விஷயம் இதுதான். கயிறு இருந்தது, அவன் கட்டிக்கொள்ளவில்லை என்று ஆபீஸில் சொன்னார்கள். அவன் தப்பு என்றால் ஆஸ்பத்திரிச் செலவும் கிடையாது, நஷ்டஈடும் கிடையாது. வேலை செய்யாதவனுக்கு வீடும் கிடையாது. மனைவி காப்பி காய்கிற களத்தில் வேலை செய்தாலும் வீடு அவன் பேரில்தான் இருந்தது. தோட்டத்தின் தப்பு என்றால் அவன் எழுந்து நடக்கிறவரை, நடக்காமலே போனால் ஆயுசு முழுக்க, தோட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை விசாரிக்க வெளியிலிருந்து ஒரு ஆபீசர் பதினோராம் நாள் வருவதாக இருந்தது. வீட்டுக்கே வந்து அணிலைக் கேட்பாராம்.

கயிறு என்று தோட்டத்தில் மரமேறிக்கு இருந்தது ஒன்றே ஒன்று. கட்டை விரல் தடிமன், அழுக்கு வெள்ளை. இரண்டு முனையிலும் பிரியாமல் இருக்க அணில் சிவப்பு டேப் சுற்றியிருந்தான். சாமான் கொட்டகையில் நுழைந்ததும் இடது பக்கம் ஒரு ஆணி, அதில்தான் தொங்கும். வேலைச் சாமான் எல்லாவற்றையும் ஒன்றரைக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும். திருட்டுப் போகாமல் இருக்க அப்படி ஒரு சட்டம்.

இன்னொரு கயிறு வேண்டும் என்று நாத்தனார் போன வருஷம் கூட்டத்தில் எழுந்து கேட்டிருந்தாள். அவள் அணிலுக்கு அக்கா. புருஷனோடு ஒத்துவரவில்லை என்று பத்து வருஷத்துக்கு முன்னால் தம்பி வீட்டுக்கு வந்தவள், காப்பிப் பழம் பறிக்கிற வேலை. ஒரு மரமேறிக்கு எதற்கு இரண்டு கயிறு, அவனுக்கு என்ன இரண்டு இடுப்பா என்று மானேஜர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அணிலும் சிரித்தான். நாத்தனார் சிரிக்காமல், ஒன்று இற்றுப்போனால் என்ன செய்வீங்க என்று திருப்பிக் கேட்டாள்.

அவளுக்கு நாக்கில் எலும்பில்லை என்று வரிசை வீடுகளில் சொல்வார்கள். பழம் எடைபோடும்போது கூடைக்கு என்று இரண்டு கிலோ கழிப்பார்கள். ஒருநாள் அவள் பழத்தைக் கீழே கொட்டிவிட்டு, வெறும் கூடையைத் தராசில் மாட்டி, முள்ளைப் பாருங்க என்றாள். முள் ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை. தராசுக்காரன் இது ஈரத்துக்கும் சேர்த்து என்றான். ஈரம் பழத்துல இருக்கா உங்க மனசுல இருக்கா என்று கேட்டாள். அதற்கப்புறம் மூன்று வாரம் அவளுக்குச் செங்குத்தான சரிவிலேயே செடி வரிசை கொடுத்தார்கள். ஒரு கையால் செடியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பறிக்க வேண்டும். முழு நாள் கூலிக்கு வேண்டிய எடை ஒருநாளும் வரவில்லை. அவள் கேட்பதை நிறுத்தவும் இல்லை.

அப்படிப்பட்ட நாத்தனாரே இப்போது தம்பியைத் திட்டினாள்.

"கழுத, கயித்தைக் கட்டாம ஏறினியேடா. பாடு பட்டு ஒரு கயித்துக்கு வாய் கொடுத்தேன். இருந்த ஒண்ணைக்கூட நீ கட்டல. நான் போய் யாரை என்னன்னு கேக்கறது?"

"ஆணியில இல்லக்கா."

"மானேஜர் பொய் சொல்றானா? இப்பவும் அங்கதான் தொங்குது. நான் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

அணில் கூரையைப் பார்த்தான். முதல் நாள் ஆஸ்பத்திரியில், நினைவு வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தையே, ஆணியில் கயிறு இல்லை என்பதுதான். நாலாம் நாள் மேஸ்திரி வந்து, நல்லா யோசிச்சுப் பாரு, மரத்தடியிலேயே விட்டிருப்பே என்றார். அணில் யோசித்தான். கிளார்க் வந்து, நான் ரெண்டு மணிக்குப் பார்த்தேன், ஆணியில்தான் இருந்தது என்றான். மறுபடியும் யோசித்தான். படுத்துக் கிடப்பவனுக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலை என்ன. ஒன்பதாம் நாள் மனைவி அவனுக்கு உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னான்.

"எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. இருட்டிக்கிட்டு வந்துச்சா. அவசரத்துல ஆணியைச் சரியா பாக்கலையோ என்னவோ."

அவள் துணியைப் பிழிந்தாள்.

"வேற யாராச்சும் எடுத்திருப்பாங்களா? யாருக்கு எதுக்கு அந்தக் கயிறு? மரம் ஏறுறவன் நான் ஒருத்தன்தான." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "நான்தான் மறந்திருப்பேன்."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பிழிந்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிந்தாள்.

*

அவள் வேலை காயப்போடும் களத்தில். பறித்த பழத்தை மெஷினில் தோல் உரித்து, ஊறவைத்து, வழவழப்புப் போகக் கழுவி, சிமெண்டுக் களத்தில் பரப்புவார்கள். பார்க்க வெள்ளைச் சரளைக்கல் மாதிரி இருக்கும். மரச் சட்டத்தால் அதை மணிக்கு ஒரு தரம் புரட்டிவிட வேண்டும். செருப்புப் போடக் கூடாது, கொட்டை உடையும். மேலே வெயில், கீழே சிமெண்டுச் சூடு. அவள் உள்ளங்காலில் முள் குத்தினால் முள்தான் வளையும். மானேஜர் கையடக்கமான ஒரு மெஷினோடு வருவார். கொஞ்சம் கொட்டையை அதில் போட்டால் ஈரம் எத்தனை சதவீதம் என்று எண் வரும். எண் சரியாக வந்தால் மூட்டை கட்டலாம். அந்த மெஷின் விலைக்கு நூறு கயிறு வாங்கலாம் என்று கிளார்க்கே ஒருதரம் சொல்லியிருக்கிறான். அணில் அதைக் கேட்டுவிட்டு, காய்ச்சல் வந்தா எனக்கும் அதை வச்சுப் பாக்கச் சொல்லு என்றான்.

காய்கிற கொட்டையில் மழை பட்டால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த காப்பிக்குப் பாதி விலைகூடத் தேறாது. கெட்டதன் மதிப்பைக் களத்து ஆட்கள் ஆறு பேர் கூலியில் பங்குபோட்டுப் பிடிப்பார்கள். மழையை நிறுத்துவது களத்து ஆட்கள் பொறுப்பு என்பதுபோல.

அன்று சாயங்காலம் வேலை விட்டதும் மேஸ்திரி பின்னாலேயே வந்தார். வரிசை வீடுகளுக்குக் கொஞ்சம் முன்னால் பொதுக் குழாய் இருந்தது. அங்கே யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டார்.

"தங்கச்சி, நில்லு. நாளன்னிக்கு ஆபீசர் வர்றாரு."

"தெரியும்ண்ணே."

மேஸ்திரி கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. அவரும் பழம் பறித்து மேலே வந்தவர்தான். யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதலில் வந்து நிற்பார். அணில் விழுந்தபோது அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடிவந்ததும் அவர்தான். அப்படித் தூக்கியதில்தான் உடைந்த எலும்பு விலகியது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

"மத்தியானம் உங்க வீட்டுக்குப் போய் அணில்கிட்ட பேசினேன். மறந்துட்டேன்னு சொல்லப்போறான். நல்லது. நீயும் அதையே சொல்லிடு. மானேஜர்கிட்ட பேசிட்டேன். வீடு ஒரு வருஷத்துக்கு உங்களுக்குத்தான். உன்னைக் களத்துல நிரந்தரமாப் போடுறதாவும் சொல்றாரு. எழுத்துல இல்ல, வாய் வார்த்தைதான். ஆனா சொன்னா செய்வாரு."

அவள் குழாயைத் திருகினாள். தண்ணீர் வரவில்லை. இருந்தும் குடத்தை வைத்தாள்.

"மறக்கலையேண்ணே அவரு."

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும்." மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கயித்தை எடுத்தது யாருன்னு அவனுக்குத் தெரியுமா?"

அவள் குழாயை மறுபடியும் திருகினாள்.

"தெரிய வேணாம். பாவம், படுத்துக் கிடக்கிறவன். பொண்டாட்டியே எடுத்தாள்னு தெரிஞ்சா மனசு தாங்குமா? அவன் அக்காக்காரிக்குத் தெரிஞ்சா உன்னை வீட்டுல இருக்க விடுவாளா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அணில் விழுந்த அன்றைக்கு இரண்டு மணிக்கு மழை கருக்கட்டியது. அந்த மாதத்தில் மழை வராது. யாரும் எதிர்பார்க்கவில்லை. களம் முழுக்க விரித்த கொட்டை, இன்னும் ஒரு வெயிலில் மூட்டை கட்ட வேண்டியது. மானேஜர் பங்களா வராந்தாவிலிருந்து கத்திக்கொண்டே இறங்கி வந்தார். ஆறு பேரும் குவித்தார்கள், தார்ப்பாய் இழுத்தார்கள். காற்று தார்ப்பாயைத் தூக்கித் தூக்கி அடித்தது. இருந்த கயிறுகள் மூன்று பக்கத்துக்குத்தான் வந்தன. மேஸ்திரி, பத்தலை சார் என்றார். மானேஜர் அவளைப் பார்த்துக் கையை நீட்டி, எங்கிருந்தாவது கொண்டுவா, ஒரு கொட்டை நனைந்தாலும் உங்கள் கூலியில்தான் என்றார். அவள் கொட்டகைக்கு ஓடினாள். ஆணியில் அது தொங்கியது. சிவப்பு டேப்பைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. இந்த மழையில் எவன் மரம் ஏறப்போகிறான், யார் ஏறச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தாள். எடுத்துக்கொண்டு ஓடிவந்து நாலாவது பக்கத்தை இழுத்துக் கட்டினாள். அது எந்தக் கயிறு என்று அந்த அவசரத்தில் மேஸ்திரியைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. ஒரு கொட்டை நனையவில்லை.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது யாரோ அதை அவிழ்த்து மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டார்கள்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள் இப்போது. "அவரு உங்ககிட்ட வந்து கயிறு இல்லன்னு சொன்னாருல்ல?"

"சொன்னான்."

"கயிறு தார்ப்பாயில இருக்குன்னு அப்ப உங்களுக்குத் தெரியும்."

மேஸ்திரி குழாயைப் பார்த்தார்.

"தெரியும்," என்றார். "ரெண்டு மரந்தான் பாக்கி. அன்னிக்கே முடிக்கணும்னு மானேஜர் காலையிலேயே சொல்லிட்டாரு. தூறல்தான், ஏறிடு, இல்லன்னா அரை நாள் கூலிதான் வரும்னேன். சும்மா ஒரு பேச்சுக்கு."

"கயித்தைக் கொண்டாரச் சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? அவுத்தா காப்பி நனையும்."

அதை அவர் சாதாரணமாகச் சொன்னார், தண்ணீர் கீழே ஓடும் என்பதுபோல. அப்போதுதான் குழாயில் காற்று சீறி, கலங்கலாகத் தண்ணீர் வந்தது. அவள் குடம் நிறைகிறவரை நின்றாள். அவரும் நின்றார். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது கை கொடுத்தார். அந்தக் கையைக் கடிக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

*

பத்தாம் நாள் மதியம் மறுபடியும் மேகம் கூடியது. களத்துக்கு ஒரு டெம்போ வந்து நின்றது. கிளார்க் ஒரு பண்டலை இறக்கினான். நீல நைலான் கயிறு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது, ஆறு சுருள்.

கூட வேலை செய்கிறவளைத் தோட்டத்தில் ரேடியோ என்பார்கள். கேட்டது கேட்காதது எல்லாவற்றையும் ஒலிபரப்புவாள். அவள் சட்டத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தாள்.

"ஏ, ஆறு கயிறுடி. தார்ப்பாய்க்கு. மானேஜர் திருந்திட்டாரா, இல்ல இது அவர் வீட்டுக் காசு இல்லங்கறதாலயா?"

"ஒண்ணு மரத்துக்காண்ணே?" என்று அணிலின் மனைவி கேட்டாள்.

மேஸ்திரி தார்ப்பாயை உதறிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "இப்ப மரமேறி எங்க இருக்கான்?"

ஆறு கயிறும் களத்துக்கு. உறையைப் பிரித்தபோது புது நைலான் வாசனை வந்தது. நாலு மூலையிலும் கட்டினார்கள். மிச்சம் இரண்டு சுருள் தேவைக்கு இருக்கட்டும் என்று மூலையில் வைத்தார்கள். மழை வரவில்லை. காற்று மேகத்தை மலைக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. மானேஜர் வந்து முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, இப்பத்தான் நிம்மதி என்றார். ஆறு பேரும் மறுபடி அவிழ்த்து, மறுபடி பரப்பினார்கள்.

அவள் சாயங்காலம் வரை தலை நிமிராமல் கொட்டையைப் புரட்டினாள். ரேடியோ இரண்டு தரம் பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு, உனக்கு என்ன, வாயில பூட்டா என்று விலகிப்போனாள். இவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இத்தனை நாள் அந்த ஆத்திரம் முழுக்கத் தன்மேல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தன் கையை, தன் ஓட்டத்தை, அந்தச் சிவப்பு டேப்பைப் பார்த்தும் எடுத்த புத்தியை நினைத்து நினைத்துப் புழுங்கினாள். அது பொய்யில்லை. ஆனால் ஆறு கயிறு வாங்குகிற காசு அந்தத் தோட்டத்தில் எப்போதும் இருந்திருக்கிறது. அதுவும் பொய்யில்லை.

வீட்டில் அணில் பழகிக்கொண்டிருந்தான். நாத்தனார் ஆபீசராக உட்கார்ந்து கேட்க, அவன் பதில் சொன்னான்.

"கயிறு எங்கப்பா?"

"மறந்துட்டேன் சார்."

"குனிஞ்ச மாதிரி சொல்லுடா. திமிரா சொல்றமாதிரி இருக்கு."

"படுத்துக்கிட்டு எப்படிக்கா குனியறது?"

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, சோறு போடு என்று தம்பி பெண்டாட்டியிடம் எரிந்து விழுந்தாள். சோறும் பருப்பும்தான். அணிலுக்கு அவள் ஊட்டினாள். படுத்தபடி விழுங்கினால் புரையேறும் என்று சின்னச் சின்ன வாயாக. நடுவில் அவன் கேட்டான்.

"ஏன் ஒரு மாதிரி இருக்கே? ஒரு வருஷம் வீடு இருக்காம்ல. அதுக்குள்ள எழுந்திருச்சிட மாட்டேனா?"

"சாப்பிடுங்க," என்றாள்.

"நான் ஒருத்தன் மறந்ததுக்கு நீங்க ரெண்டு பேரும் ஏன் தெருவுல நிக்கணும்? அதான் ஒத்துக்கறேன்."

அவள் கை அந்தரத்தில் நின்றது. செய்யாத தப்பை இந்த ஆள் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அதற்கு மன்னிப்பும் கேட்கிறான். அவளிடம் கேட்கிறான். உருட்டிய சோறு விரலிலேயே காய்ந்தது.

*

ஆபீசர் மறுநாள் பத்து மணிக்கு வந்தார். நடுத்தர வயது, களைத்த முகம், சட்டைப்பையில் இரண்டு பேனா. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். மானேஜர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். மேஸ்திரி கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆபீசர் பார்க்கட்டும் என்று அதைத் தரையில் வைத்தார். வெளியே ஜன்னலில் ரேடியோவும் இன்னும் நாலைந்து பேரும். எடை குறையும் என்று தெரிந்தும் நாத்தனார் வேலைக்குப் போகாமல் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

ஆபீசர் கதவைப் பார்த்தார். "என்னம்மா, கதவுல படுக்க வச்சிருக்கீங்க?"

"தோட்டத்துக் கதவு சார்," என்றான் அணில். "பத்திரமா திருப்பிக் குடுத்துருவோம்."

ஆபீசர் சிரிக்கவில்லை. எந்த மரம், எவ்வளவு உயரம், எத்தனை வருஷமாக இந்த வேலை என்று கேட்டு எழுதினார். மழை பெய்ததா என்று கேட்டார். தூறல் என்று மேஸ்திரி முந்திக்கொண்டார். அவரைக் கேட்கவில்லை என்றார் ஆபீசர். தூறல்தான் சார் என்றான் அணில்.

அவள் பின்னறை வாசலில், கதவில்லாத நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் தரையிலிருந்த கயிற்றை விட்டு நகரவில்லை. பத்து நாளாக அவள் அதைக் கிட்டத்தில் பார்க்கவில்லை. முறுக்கின் இடுக்குகளில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. மரப்பட்டைத் தூள் பழுப்பாக இருக்கும். இது காய்ந்த காப்பிக் கொட்டையின் மேல்தோல், சருகு மாதிரி மெல்லியது. களத்தில் வேலை செய்கிறவளுக்கு அதைத் தெரியாமல் போகுமா. தலைமுடியில், புடவை மடிப்பில், சோற்றுத் தட்டில்கூட அவள் தினமும் பார்ப்பது.

"கயிறு கட்டிக்காமத்தான் ஏறுனியா?" என்று கேட்டார் ஆபீசர்.

"ஆமா சார்."

"ஏன்?"

அணில் எச்சிலை விழுங்கினான். அக்காவை ஒருதரம் பார்த்தான்.

"மறந்துட்டேன் சார்."

ஆபீசர் பேனாவைத் தாளில் வைத்தார்.

"அவரு மறக்கல," என்றாள் அவள்.

குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. நாத்தனார் திரும்பினாள். மேஸ்திரி, தங்கச்சி, என்று ஒரு எட்டு முன்னால் வைத்தார். ஆபீசர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

மானேஜர் நிலையிலிருந்து நிமிர்ந்தார். "உனக்கு என்ன தெரியும்? நீ அப்ப மேல இல்லியே. களத்துலதானே இருந்தே?"

"களத்துலதான் இருந்தேன் சார். அதனாலதான் தெரியும்." அவள் நடந்துபோய்க் குனிந்து கயிற்றை எடுத்தாள். ஒரு புரியை நகத்தால் பிரித்தாள். வெள்ளைச் சருகு இரண்டு மூன்று ஆபீசர் எழுதிக்கொண்டிருந்த தாள்மேல் விழுந்தது. "பாருங்க. மரத்துல காப்பித் தோல் ஏது? மழை வருதுன்னு தார்ப்பாய் போட்டோம். கயிறு பத்தலன்னு மேஸ்திரி சொன்னாரு. எங்கயிருந்தாவது கொண்டா, ஒரு கொட்டை நனைஞ்சாலும் கூலியில பிடிப்பேன்னு இந்த சார் சொன்னாரு. கயிறு இல்லன்னு எம் புருஷன் போய்க் கேட்டப்ப, அது எங்க இருக்குன்னு தெரிஞ்சே மேஸ்திரி அவரை ஏறச் சொன்னாரு. அவுத்தா காப்பி நனையும்ல. நேத்து ஆறு கயிறு வாங்கியிருக்காங்க சார். ஆறும் காப்பிக்கு."

மேஸ்திரி என்னவோ சொல்ல வாயெடுத்தார். ஜன்னலில் ரேடியோ கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அப்ப யாரு எடுத்தது?" என்று கேட்டாள் நாத்தனார். அவள் குரல் கத்தியாக இருந்தது. "யாருடி எடுத்தது?"

அணில் கழுத்தைத் திருப்பினான். அசையவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலியில் முகம் கோணியது, இருந்தும் திருப்பி அவளைப் பார்த்தான். அவள் மானேஜரை விட்டாள், ஆபீசரை விட்டாள், கயிற்றை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"நான்தாங்க எடுத்தேன்," என்றாள். "உங்க இடுப்புல இருக்க வேண்டிய கயித்தை நான்தான் கொண்டுபோய்க் காப்பிக்குக் கட்டினேன்."